பின் அட்டைக் கணக்கு

குடற்புழு மாத்திரைப் பதிவேட்டின் பின் அட்டையில்
ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டேன்.
மேலே மூன்று பள்ளிக்கூடம்.
பக்கவாட்டில்
தண்ணி, தாழ்ப்பாள், கணக்கு வாத்தியார், போக்குவரத்து.
சர்க்கார் நேரத்தில் சொந்த வேலை.
யாராவது கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்,
இதுவும் பிள்ளைகள் நலம்தான் என்று.

ஜெபரூபி ஐந்து முடிக்கிறாள்.
எங்கள் தெருப் பள்ளிக்கூடம் ஐந்தோடு சரி.
அதற்கப்புறம் ஆறு.
எங்கள் பக்கம் ஆறு என்றால் தண்ணீர்தான்,
சித்திரையிலும் ஒரு கசமாவது மிச்சம் இருக்கும்.
இந்த ஆறு அப்படி இல்லை.
எந்தத் துறையில் இறங்குவது என்று
நான்தான் பார்த்துச் சொல்லணும்.
புனலூரிலிருந்து அவள் அப்பா போனில்,
‘இங்கிலீஷ் மீடியம் இருக்கான்னு பாரு.’
மூன்றிலும் இருக்கிறது,
போர்டில்.

மாசி வெயில். முதலில் மேட்டுத்தெரு ஒன்றியப் பள்ளி.
சுவர் நெடுக ரயில் வரைந்து
பெட்டிக்கு ஒரு வாய்ப்பாடு.
தாழ்ப்பாள் உண்டு. சோப்பு உண்டு.
சோப்பைக் கட்டிப்போடக் கயிறும் உண்டு.
திற என்றேன், திறந்தார்கள்.
மெல்லு என்றேன், மென்றார்கள்.
நூற்றுப் பதினெட்டு வாயில் ஒன்றுகூட
இது என்னது சிஸ்டர் என்று கேட்கவில்லை.
இருபது நிமிஷத்தில் முடிந்தது.
நல்லதுதானே.
கட்டத்துக்குக் கட்டம் டிக் போட்டேன்.

அடுத்தது சர்ச்சுக்குப் பின்னால்.
சம்பளம் சர்க்கார், சாவி சபை.
எஸ்தர் செல்வகனி டீச்சர்
பின்னம் நடத்த வீட்டிலிருந்து தோசை கொண்டுவருவார்களாம்,
அரை, கால், அரைக்கால் என்று பிய்த்து
பதில் சொன்னவர் தின்னலாம்.
மே மாதம் ரிட்டையர்.
டிக் போட்டுப் பக்கத்தில் ‘மே’ என்று எழுதினேன்.
வாசலில் எம்.சாண்ட் லாரி
கேரளா பார்த்து ஓடிக்கொண்டே இருக்கிறது.
ரோட்டைத் தாண்ட எனக்கே
ஏழு லாரி பிடித்தது.

குளத்தடிப் பள்ளிக்குப் போகும்போது பன்னிரண்டு.
மொத்தமே முப்பத்தொரு பிள்ளைகள்.
பூலுடையார் என்று ஒரு பயல்,
முன்பல் பாதி உடைந்தவன்,
மாத்திரையை உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டு
‘செத்த புழு எங்கன போவும் சிஸ்டர்?’ என்றான்.
எல்லாரும் சிரித்தார்கள், நானும்.
சொரிமுத்து சார்வாள் சிரிக்கவில்லை.
சாக்பீஸை எடுத்து வாயிலிருந்து ஆரம்பித்தார்.
குடல் வளைந்து வளைந்து
போர்டு காணாமல் சுவருக்குப் போனது.
நிஜத்தில் எவ்வளவு நீளம் என்று
கிணற்றுக் கயிற்றை உருவி
வராந்தாவில் விரித்துக்கொண்டிருந்தார்கள் பிள்ளைகள்.
இன்னும் ரெண்டு ஊர் கிடக்கிறது எனக்கு.
பையில் மாத்திரை சூடேறுகிறது.

கக்கூஸ் பக்கம் போய்ப் பார்த்தேன்.
ஒருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்,
வேறெங்கோ பார்த்தபடி.
‘உள்ள யாரு?’
‘கோமு.’
கொஞ்ச நேரத்தில் கோமு வெளியே,
இவள் உள்ளே.
தாழ்ப்பாள் கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதினேன்.
பிறகு அடித்துவிட்டு ‘ஆள்’ என்று எழுதினேன்.
அதற்கு மார்க் எப்படிப் போடுவது?

ராத்திரி ஜெபரூபி அட்டையைத் திருப்பிப் பார்த்து
டிக்கை எல்லாம் கூட்டினாள்.
‘மேட்டுத்தெருதாம்மா பெருசு.’
‘சரி, தூங்கு.’
கோமு கதை, கயிற்றுக் கதை சொன்னேன்.
லைட்டை அணைத்து நெடுநேரம் கழித்து,
தூங்கிவிட்டாள் என்று நான் திரும்பிப் படுத்த பிறகு,
‘அந்தப் புழு எங்கனதாம்மா போவும்?’

ஜூனில் சாரல் காற்று
டி.சி.யைப் பிடுங்கப் பார்த்தது.
கைப்பையில் அதோடு
முக்கூடல் பஜாரில் வாங்கிய தாழ்ப்பாள் ஒன்று,
நாற்பத்தைந்து ரூபாய், ஸ்க்ரூ தனி.
சொரிமுத்து சார்வாள் டி.சி.யை வாசித்து
மேஜையில் கல் வைத்தார்.
தாழ்ப்பாளை முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தார்.

‘கதவு ரெண்டு இருக்கே, சிஸ்டர்.’